தொட்டால் பேசும் வீடு

பிப்ரவரி 9

நாத்தனாருக்கு,

போனில் பேசினால் நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன். பக்கத்தில் உன் அண்ணன் படுத்திருக்கிறார், எல்லாம் அவர் காதில் விழுகிறது. அதனால் இனி மெயிலில் எழுதுகிறேன். எழுத்தில் நாம் இரண்டு பேரும் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்வோம் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் அவர் நிலைமை. அன்று போனில் நீ அழுத அழுகையில் டாக்டர் சொன்னது உனக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. மூளையின் இடது பக்கம் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையில் பிடி இல்லை. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். நாம் பேசுவது எல்லாம் புரிகிறது. அவர் சொல்ல நினைப்பதும் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. வாய்க்கு வருகிற வழியில் சொல் காணாமல் போய்விடுகிறது. வீட்டுக்கு அழைத்து வந்தாகிவிட்டது.

நீ அனுப்பிய டேப்லெட் வந்து சேர்ந்தது. உங்கள் கம்பெனியின் மொழி ஆப் உள்ளேயே இருந்தது. திறந்து அவர் மடியில் வைத்தேன். ஒரு குரங்கு குதித்து வந்தது. "இது என்ன, சொல்லு பாக்கலாம் செல்லம்" என்று ஒரு பெண்குரல் கொஞ்சியது. படத்தில் வாழைப்பழம். அவர் உதட்டைக் குவித்து ஏதோ முயன்றார். "அச்சச்சோ, தப்பாச்சே" என்று குரங்கு தலையில் கை வைத்துக்கொண்டது. மறுபடியும் முயன்றார், மறுபடியும் தலையில் கை. அதற்கு மேல் அவர் பொறுக்கவில்லை. இடது கையால் டேப்லெட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு மாஸ்டர் என்றே பெயர். அவருக்குக் குரங்கு பாடம் எடுக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் நீ கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நான் விட்டுவிட்டுப் போனதால்தான் அவருக்கு இப்படி ஆயிற்று என்று சொன்னாய். நான் லேபில் வேலை செய்கிறவள், ரத்தக் குழாய் எதனால் அடைக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு பதில் இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொள். போன வருஷம் இந்த வீட்டை விட்டு வெளியூர் வேலைக்குப் போனவள், இப்போது விடுப்பு போட்டு வந்திருக்கிறேன். ஜூன் கடைசியில் விடுப்பு முடிகிறது, போய்விடுவேன். வந்திருக்கிறேன் என்பதைத் திரும்பி வந்துவிட்டேன் என்று படித்துவிடாதே.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணி,

"நாத்தனாருக்கு"ன்னு பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருந்துச்சு. சரி, வாங்கிக்கறேன்.

அந்தக் குரங்கு என் குரங்குதான். நாலு வயசுப் பிள்ளைங்களுக்காகப் பண்ணது. அது தலைல கை வைக்கறதைப் பாக்கவே பிள்ளைங்க வேணும்னு தப்பா சொல்லும். எங்க ஆபீஸ்ல அது பெரிய வெற்றி. பதட்டத்துல கைல கிடைச்சதைத் தூக்கி பார்சல்ல போட்டேன். அண்ணன் மூஞ்சியை நினைச்சுப் பாத்தா இப்ப எனக்கே அந்தக் குரங்கை அறையணும் போல இருக்கு.

நான் ஏன் வரலைன்னு நீங்க கேக்கல, ஆனா கேக்காதது நல்லாவே கேட்டுச்சு. இந்த நாட்டுல என் வேலை அனுமதி புதுப்பிக்கப் போயிருக்கு. பாஸ்போர்ட் அவங்க கைல. அதுவே என்கிட்ட இல்ல, எப்படிக் கிளம்பறது? கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க. வேலை போனா போகட்டும், வான்னு நீங்க சொல்லலாம். நீங்களும் லீவுதானே போட்டுட்டு வந்திருக்கீங்க, வேலையை விட்டுட்டு வரலையே.

இதை எழுதிட்டு அழிக்கலாமான்னு பாத்தேன். இருக்கட்டும்.

விஷயத்துக்கு வர்றேன். என் வேலை என்னன்னு உங்களுக்குச் சரியா சொன்னதில்ல. டேப்லெட்ல ஒரு கதைப் புத்தகம் வாசிக்கப்படறப்ப, எந்த வார்த்தை காதுல விழுதோ அந்த வார்த்தை மேல மஞ்சள் நிறம் ஓடணும். படத்துல எந்த இடத்தைத் தொட்டா எது பேசணும்னு கோடு போட்டுப் பிரிக்கணும். அதைத்தான் நாள் பூரா பண்றேன். அண்ணனுக்குன்னு தனியா ஒண்ணு பண்ணித் தரேன். குரங்கு கிடையாது, நட்சத்திரம் கிடையாது, கைதட்டல் கிடையாது. அவன் கை படற சாமான் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. இப்ப என்ன சொல்றான்னும் எழுதுங்க. சரியா சொல்றது வேண்டாம், தப்பா சொல்றதுதான் எனக்கு வேணும்.

உங்க நாத்தனார்


பிப்ரவரி 20

நாத்தனாருக்கு,

தப்பாகச் சொல்வது வேண்டும் என்று கேட்டாய். பஞ்சமே இல்லை.

அவருக்குத் தடையில்லாமல் வருகிற சொல் ஒன்றுதான்: கிளட்ச். தண்ணீரும் கிளட்ச், தலையணையும் கிளட்ச், நானும் கிளட்ச். முந்தாநாள் முகச்சவரம் செய்ய ஆள் வரவழைத்தேன். கத்தி கன்னத்தில் பட்டதும் உன் அண்ணன் கணீரென்று, "கிளட்ச்ச மிதி, மெதுவா விடு, மெதுவா, மெதுவா, அவசரப்படாத" என்றார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாரம் இரண்டு தடவை பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணிடம் சொன்னேன். வருஷக்கணக்காக வாய் பழகிப்போன வாக்கியங்கள் மூளையில் வேறு அறையில் இருக்குமாம். அந்த அறைக்கு அடி படவில்லை என்றாள்.

வேண்டும், வேண்டாம் இரண்டும் இடம் மாறிப்போகிறது. நேற்று டீ கொடுத்தேன், "வேண்டாம்" என்றார். எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து கட்டில் சட்டத்தில் இடது கையால் அடிக்கிற சத்தம். திரும்பக் கொண்டுபோய் வைத்தேன், குடித்தார். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது, வாயைப் பார்த்து அல்ல.

போட்டோக்களை இணைத்திருக்கிறேன். கப், சீப்பு, கண்ணாடி, குளியலறைக் கதவு, செருப்பு, மாத்திரை டப்பா, அலமாரி, ஜன்னல், வண்டிச் சாவி.

குரல் யாருடையது என்று அடுத்துக் கேட்பாய். என் குரல் வேண்டாம். நான் போவதற்கு முந்திய வருஷங்களில் நாங்கள் பேசிக்கொண்டது, கதவைப் பூட்டியாச்சா, தண்ணி வந்துச்சா என்கிற அளவுதான். அதற்கு முன்னாலும் அவர்தான் பேசுவார். நாள் முழுக்க வண்டியில் பேசியது போதாமல் வீட்டிலும் பேசுவார். என் குரல் அவருக்குப் பழக்கமில்லை. உன் குரலைக் கொடு. உன்னோடுதான் அவர் சிரித்துப் பேசிப் பார்த்திருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 8

அண்ணி,

புத்தகம் அனுப்பியிருக்கேன். டேப்லெட்ல தானே இறங்கிக்கும். பேரு "வீடு". அட்டைல உங்க வாசல் கதவு.

குரல் என்னோடதுதான். ஆபீஸ் ஸ்டுடியோ காலியா கிடைக்கல. என் ரூம்ல துணி அலமாரிக்குள்ள உக்காந்து, சுத்தி கோட்டெல்லாம் தொங்க, மடில மைக்கை வெச்சுக்கிட்டு, "கப். சீப்பு. செருப்பு"ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். பக்கத்து ரூம் பொண்ணு கதவைத் தட்டி, "யாரோட பேசற?"ன்னா. அண்ணனோடன்னு சொன்னேன். அலமாரியை ஒரு தடவை பாத்துட்டுப் போயிட்டா.

லேசா தொட்டா வார்த்தை வரும். விரலை எடுக்காம அழுத்திப் பிடிச்சா அதே வார்த்தை இழுத்து, எழுத்து எழுத்தா வரும். அவன் தப்பா சொன்னா புத்தகம் ஒண்ணும் சொல்லாது, சும்மா காத்துக்கிட்டிருக்கும். பேச்சைக் கேட்டு மார்க் போடற வசதியை மொத்தமா எடுத்துட்டேன். நல்லா பேசறவங்க பேச்சே அதுக்குப் பாதி புரியாது. தொடற இடத்தோட கோட்டையும் அகலமா போட்டிருக்கேன், இடது கை தடுமாறினாலும் தப்பாது. எங்க எடிட்டர் அம்மா ஸ்கிரீனைப் பாத்துட்டு, "இதென்ன, ரொம்ப அமைதியா இருக்கு?"ன்னாங்க. விஷயத்தைச் சொன்னதும், ஆபீஸ் நேரத்துலயே பண்ணுன்னுட்டாங்க.

கடைசியா ஆளுங்க பக்கம் ஒண்ணு இருக்கு. அதை அவனே திறக்கட்டும்.

உங்க நாத்தனார்


மார்ச் 21

வாலுவுக்கு,

அவர் உன்னைக் கூப்பிடுகிற பெயரில் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. ஆளுங்க பக்கத்தில் உன் படத்தைப் பார்த்துவிட்டு, "வா... லு" என்றார். அந்தப் பக்கத்தில் நீ அந்தச் சொல்லைப் பேசிவைக்கவில்லை, உன் படத்தைத் தொட்டால் "தங்கச்சி" என்றுதான் வருகிறது. அவர் அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி மறுத்து, வாலு என்று திருத்தினார். பயிற்சிப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

கப் வந்துவிட்டது. சீப்பு வந்துவிட்டது, ஆனால் சில நாள் சீப்பு சோப்பு ஆகிவிடும். வண்டிச் சாவியைத் தொட்டுத் தொட்டுக் கேட்கிறார், சொல்ல மட்டும் மாட்டேன் என்கிறார். குளியலறைக் கதவின் முன் நின்று "கதவு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார், அனுமதி வாங்குகிறவர் போல.

இனி குறை. ஆளுங்க பக்கத்தில் என் படம் போட்டு, அதன் மேல் "மனைவி" என்று பேசியிருக்கிறாய். அவர் அதை விடாமல் தொட்டுக்கொண்டே இருக்கிறார். நான் சமையலறையில் இருப்பேன், உள்ளே உன் குரல், மனைவி, மனைவி, மனைவி. கோர்ட்டில் டவாலி கூப்பிடுவது போல இருக்கிறது. நான் ஹாலில் சோபாவில் படுத்துக்கொள்கிறவள். அவர் மாத்திரைக்கும் குளியலுக்கும் பொறுப்பானவள். அந்தச் சொல் பொய் இல்லை, ஆனால் இப்போதைக்கு யாரும் உபயோகிக்காத சொல். படம் இருக்கட்டும், சொல்லை எடுத்துவிடு.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

எடுத்துட்டேன். இப்ப உங்க படத்தைத் தொட்டா ஒண்ணும் பேசாது. உங்களை மாதிரியே.

கோவிச்சுக்காதீங்க. வாலுன்னு கூப்பிட்டீங்களே, அந்த தைரியம்.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அவன் என் பேரைச் சொன்னப்ப நான் போனை மேஜை மேல வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போயிட்டேன். "நெட் போயிடுச்சு"ன்னு பொய் சொன்னேன். நீங்க பின்னாடி நின்னு துணி மடிச்சுக்கிட்டிருந்தீங்க. அவன் "துண்டு"ன்னான், நீங்க ஒண்ணை எடுத்துக் கொடுத்தீங்க. அவன் வேண்டாம்னு தலையாட்டினான். அவன் துண்டு கேக்கல, கண்ணுல பட்டதோட பேரைச் சொல்லியிருக்கான். உங்க ரெண்டு பேருக்குமே சிரிப்பு வந்துச்சு. நான் பாத்தேன்.

அதனால கேக்கறேன். நீங்க ஏன் போனீங்க? எனக்குத் தெரிஞ்சது அவன் சொன்ன காரணம் மட்டும்தான். "அவளுக்குப் பெரிய வேலை கிடைச்சிருக்கு, நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிய மாட்டோம்"னான். நான் அதை அப்படியே நம்பிட்டேன். உங்ககிட்ட கேக்கவே இல்ல.

வாலு


ஏப்ரல் 15

வாலு,

கேட்டதால் சொல்கிறேன். பெரிய கதை ஒன்றும் இல்லை.

வெளியூர் ஆஸ்பத்திரியில் லேப் முழுவதையும் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டிருந்தேன். எனக்குக் கிடைத்தது. அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். அவர் அன்று ஒரு பெண்மணி வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பழக்கடைக்குள் விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் "ம்" என்றார். பழக்கடைக்காரர் என்ன சொன்னார் என்று தொடர்ந்தார். சாப்பிடும்போது மறுபடி சொன்னேன். "ம்" என்றார். கதை நன்றாகத்தான் இருந்தது, எனக்கே சிரிப்பு வந்தது. உன் அண்ணன் அப்படிக் கதை சொல்வார்.

பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கிய நாளில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. "எங்க கிளம்பற?" என்றார். சொன்னேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு, போகலாமா வேண்டாமா என்று எனக்கு இருந்த சந்தேகமும் போய்விட்டது.

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. பேசினார், கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதை வெளியில் யாரிடம் சொன்னாலும், இதற்காகவா என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவர் பேச முடியாமல் இருக்கிறார், வீடு அமைதியாக இருக்கிறது, எனக்கு அது நிம்மதியாகவும் இருக்கிறது. நிம்மதியாக இருக்கிறதே என்று உறுத்தவும் செய்கிறது. இந்தப் பேச்சு போதும்.

ஒற்றைச் சொற்கள் நன்றாக வருகின்றன. இனி இரண்டு மூன்று சொல் சேர்ந்து வர வேண்டும் என்கிறாள் பயிற்சிப் பெண். முடிந்தால் வாக்கியங்கள் செய்து அனுப்பு.

அண்ணி


மே 4

அண்ணி,

ரெண்டாவது புத்தகம் அனுப்பியிருக்கேன். அதே போட்டோதான், ஆனா இப்ப ஒவ்வொண்ணும் முழு வாக்கியம் பேசும். ஜன்னலைத் தொட்டா "ஜன்னலைத் திற". கண்ணாடியைத் தொட்டா "கண்ணாடியைக் கொடு". நிறைய இடம் இருக்கு, அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

எடிட்டர் அம்மா இதைப் பெரியவங்களுக்கான வரிசையா கொண்டு வரலாமான்னு கேக்கறாங்க. இப்படி வார்த்தை தொலைஞ்சவங்க எவ்வளவோ பேர் இருக்காங்களாம், எல்லாருக்கும் குரங்குதான் கிடைக்குதாம்.

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நான் சின்ன வயசுல இருந்தே அவன் பேச்சைக் கேட்டு வளந்தவ, எனக்கு அது பாட்டு மாதிரி. கூடவே இருந்து கேக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சதில்ல.

ஆனா இப்ப அவன் மாறிட்டான், இல்லையா? ஜூனைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?

வாலு


மே 19

நாத்தனாருக்கு,

அலமாரிப் படத்தில் மேல் மூலையில் என் பெட்டி தெரிகிறது. அதைத் தொட்டால் என்ன வருகிறது என்று இன்றுதான் கேட்டேன்.

"போகாத. என்னோட இரு."

அதை அழுத்திப் பிடித்தால் எழுத்து எழுத்தாக வருகிறது. கோட்டை வேறு நன்றாக அகலமாகப் போட்டிருக்கிறாய், அலமாரியை எங்கே தொட்டாலும் அதுதான் வரும் போலிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சமையலறை நிலையில் நின்றார். நெற்றியில் வியர்வை. "போ... கா... த" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "என்... னோட... இரு" என்றார். நான் குழாயை மூடினேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை என்பது மனதில் ஓடியது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன். நல்ல பதில் ஒன்று சொல்லவும் வாயைத் திறந்துவிட்டேன்.

சாயங்காலம் உள்ளே அதே வார்த்தை உன் குரலில் கேட்டது. அதே நிறுத்தம். அதே இழுப்பு.

இப்போது சொல், சமையலறையில் வந்து கேட்டது யார்? அவரா, நீயா? அவர் மனதில் இருந்ததற்கு நீ வழி போட்டுக் கொடுத்தாயா, இல்லை நீ நினைத்ததை அவர் பாடமாக ஒப்பித்தாரா? அவரைக் கேட்டாலும் உன் வார்த்தையைத்தான் திருப்பிச் சொல்வார், அவரிடம் வேறு வார்த்தை இல்லை. இனி எப்போதும் எனக்கு இது தெரியப்போவதில்லை. நீ செய்த காரியம் இதுதான். பேச்சு போனவர் வாயில் நம் பேச்சை வைப்பது, அவர் இடது கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைப்பது மாதிரி.

டேப்லெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி குரல் வேண்டாம். புத்தகம் படிக்க மட்டுமான, பேசாத இ-ரீடர் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதற்கு ஏற்ற மாதிரி புத்தகம் செய். சில பக்கங்களில் சொல். சில பக்கங்களில் படம் மட்டும், ஒரு எழுத்தும் இல்லாமல். அங்கே என்ன சொல்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும். உன்னால் முடியாது என்றால் சொல்லிவிடு, பயிற்சிப் பெண்ணிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணி


மே 23

அண்ணி,

அவன் நினைக்கறதைத்தான் போட்டிருக்கேன்னு நினைச்சேன். நினைச்சேன்னு எழுதறப்பவே தெரியுது, நினைச்சது நான். அவனுக்கு உதவி பண்றேன்னு சொல்லிக்கிட்டு என் ஆசையைப் பேச வெச்சிருக்கேன். அண்ணனும் நீங்களும் அந்த வீட்ல இருக்கணும், நான் லீவுக்கு வந்து பெட்டியை வைக்க ஒரு இடம் இருக்கணும். அதான் எனக்கு.

மன்னிப்புக் கேட்டா அதுவும் ஒரு வாக்கியமா போயிடும். கேட்ட புத்தகத்தைப் பண்ணி அனுப்பறேன்.

இ-ரீடர் திரைல நிறம் கிடையாது, மஞ்சள் ஓடாது, எல்லாம் சாம்பல்தான். பக்கம் திருப்பினா ஒரு நொடி கறுத்துட்டுத்தான் அடுத்தது வரும். நான் பழகின வித்தை எதுவும் அதுல செல்லாது. பாதிப் பக்கத்துல பெரிய எழுத்துல சொல் இருக்கு. மீதிப் பக்கத்துல படம் மட்டும். எந்தப் படம்னு நான் பொறுக்கல. நீங்க அனுப்பின எல்லாத்தையும் அனுப்பின வரிசைலயே போட்டுட்டேன்.

வாலு


ஜூன் 17

வாலு,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல்.

கொஞ்ச நாளாக மதியம் சாப்பிட்டதும் இ-ரீடரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுகிறார். சொல் இருக்கும் பக்கங்களைச் சத்தமாகப் படிக்கிறார். சொல் இல்லாத பக்கங்களில் வெகுநேரம் நிற்கிறார். வண்டிச் சாவிப் பக்கத்தில் "என்... வேலை" என்றார். நாமாக இருந்தால் சாவி என்று எழுதியிருப்போம்.

இன்று அலமாரிப் படம் வந்த பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். இ-ரீடரைத் தூர வைத்துவிட்டு நிஜ அலமாரி மேல் இருக்கும் பெட்டியைக் கை காட்டினார். இறக்கி அவர் முன்னால் வைத்தேன். எப்படியும் அடுத்த வாரம் இறக்க வேண்டியதுதான்.

"நீ" என்றார். காத்திருந்தேன். "போ" என்றார்.

வாசலில் நிற்பவரை நாம் யாரும் வெறும் "போ" என்று சொல்லி அனுப்ப மாட்டோம், "போயிட்டு வா" என்போம். அவருக்கு "வா" தடையில்லாமல் வரும். அதைச் சேர்க்கவில்லை. இருந்தாலும் சொல் இடம் மாறுகிற மனிதர், அதனால் கேட்டேன். "நான் ஊருக்குப் போகட்டுமா?" தலையை ஆட்டினார், ஆமாம் என்று. "இங்கயே இருக்கட்டுமா?" இல்லை என்று ஆட்டினார். முகத்தைப் பார்த்தேன். முகமும் அதையேதான் சொன்னது.

பிறகு மார்பில் கை வைத்துக்கொண்டு "நான்" என்றார். "இரு" என்றார். அது இல்லை என்று அவருக்கே தெரிந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு என்ன சொல் என்று தெரிந்துவிட்டது. எடுத்துக் கொடுக்க வாய் வரை வந்தது. கொடுக்கவில்லை. வெளியில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்து போனார்கள். அந்தச் சத்தம் அடங்கின பிறகு,

"இருப்பேன்" என்றார்.

நீ போ, நான் இருப்பேன். உன் புத்தகங்களில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், டேப்லெட்டையும் பூட்டுத் திறந்து பார்த்தேன். எங்கேயும் இல்லை. நீ கற்றுக்கொடுத்தது இரு. இருப்பேன் என்று ஆக்கியது அவர்.

பெட்டியில் தூசி இருந்தது, துடைக்க ஆரம்பித்தேன். தூசி போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் கடைசியில் கிளம்புகிறேன். குளிக்க, நடக்க, சாப்பாடு சூடு பண்ண அவரால் முடிகிறது. காலையில் ஒரு ஆள் வந்து போவார். டிரைவிங் ஸ்கூல் பார்ட்னர் தினமும் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரை நேரங்களை அவரிடமும் கொடுத்துவிட்டேன்.

அண்ணி


ஜூலை 20

அண்ணி,

ஒரு வழியா அனுமதி வந்துச்சு, நானும் வந்து சேந்துட்டேன். அண்ணன் ஹால்ல உக்காந்து நான் எழுதறதைப் பாத்துக்கிட்டிருக்கான். யாருக்குன்னு கேக்கல, தெரியும்.

நான் ஒரு திட்டத்தோட வந்தேன். இங்கயே இருந்து அவனைப் பாத்துக்கறது, ஆபீஸ் வேலையை இங்கிருந்தே பண்றது. ரெண்டாம் நாளே சொல்லிட்டேன். அவன் கேட்டுட்டு, "வேலை" ன்னான். "இங்கிருந்தே பண்ணலாம்டா"ன்னேன். "உன்... ரூம்" ன்னான். அங்க இருக்கற என் ரூம். பேச்சு போன ஆளு ரெண்டு பேரை வீட்டை விட்டு அனுப்பியிருக்கான், பேசற காலத்துல ஒருத்தரையும் அனுப்பினதில்ல.

காலைல பார்ட்னர் வந்து அவனைக் கூட்டிட்டுப் போறாரு. மாஸ்டர் பின்சீட்டு. ஓட்டிப் பழகறவங்க முன்னாடி, பார்ட்னர் பக்கத்துல. நேத்து நானும் போனேன். ஒரு காலேஜ் பொண்ணு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நடுங்கிட்டிருந்தா. பார்ட்னர் வழக்கம் போல லெக்சர். அண்ணன் பின்னாடியிருந்து அவ தோளை லேசா தட்டி, "ரோட்டை... பாரு"ன்னான். அவ்வளவுதான். அவ பாத்தா. வண்டி நேரா போச்சு. இறங்கினதும் பார்ட்னர் என் காதுல, "முன்னாடியெல்லாம் மாஸ்டர் பேசற பேச்சுல ஹாரன் சத்தமே கேக்காது தெரியுமா?"ன்னாரு. அண்ணனுக்குக் கேட்டிருச்சு. சிரிச்சான்.

அடுத்த வாரம் கிளம்பறேன். பெரியவங்க வரிசை வேலை ஆரம்பமாயிடுச்சு. சொல் இல்லாத பக்கங்கள் கட்டாயம் இருக்கணும்னு சண்டை போட்டு வாங்கியிருக்கேன். காலிப் பக்கத்துக்கு யாரு காசு கொடுப்பான்னு விற்பனைப் பிரிவுல கேட்டாங்க, எடிட்டர் அம்மா பாத்துக்கறேன்னுட்டாங்க.

ஒண்ணு கேக்கணும். நீங்க ரெண்டு பேரும் எப்படின்னு நான் கேக்கல. ஆனா இனிமே உங்களை நான் என்னன்னு கூப்பிடறது?

வாலு


ஆகஸ்ட் 3

வாலு,

இங்கே லேபில் எல்லாரும் மேடம் என்கிறார்கள். நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்கார அம்மா என்னைத் தங்கச்சி என்கிறார். இரண்டும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. நீ அண்ணி என்றே எழுது. உன் அண்ணனுக்கு நான் யார் என்பது எங்கள் பாடு. உனக்கு நான் யார் என்பதை இத்தனை மாதம் சண்டை போட்டு நாமே முடிவு செய்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தார். நம்பரைப் பார்ட்னர் அழுத்திக் கொடுத்தாரா என்று கேட்டேன், "நானே" என்றார். அதற்கப்புறம் பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. மாத்திரையா, காலில் வலியா, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று வரிசையாகக் கேட்கத் தோன்றியது. கேட்காமல் இருந்தேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன், அதை மட்டும் அணைத்தேன்.

"உன்" என்றார். வெகுநேரம் கழித்து, "வேலை" என்றார். அப்புறமும் விடவில்லை, வாக்கியத்தை முடித்துவிட்டார். "எப்படி... இருக்கு?"

என் வேலை எப்படி இருக்கிறது என்று அவர் இதுவரை கேட்டதில்லை. இதற்காகப் பெட்டியை மறுபடி கட்டப் போவதில்லை, எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். புது மெஷின் வந்ததை, அதை யாரும் தொட பயப்படுவதை, ஊசியைப் பார்த்ததும் மயங்கிச் சரிந்த போலீஸ்காரரை நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து தூக்கியதை. அந்த இடத்தில் சிரித்தார். நான் எப்போதும் செய்வது போல அங்கேயே நிறுத்திக்கொண்டேன், போதும், அவருக்கு அலுத்திருக்கும் என்று.

பாலை மறுபடி சூடாக்க எழுந்தேன். போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்புறம்?" என்றார்.

அண்ணி